குனிந்து வரவேற்பார்கள், வீடு தரத் தயங்குவார்கள்: ஜப்பானில் வெளிநாட்டவர் நிலை

ஜெலாப்பாங் - இங்கிருந்து சிறிது தூரத்தில் உள்ள ஈப்போ டி.ஆர். சீனிவாசகம் பூங்காவுக்குள் ஒரு ஜப்பானியத் தோட்டம் இருக்கிறது. குளத்தில் நீந்தும் வண்ண மீன்களைப் பிள்ளைகளுக்குக் காட்டாத பெற்றோர் இந்த வட்டாரத்தில் குறைவு. ஈப்போவும் ஜப்பானின் ஃபுக்குவோக்கா நகரமும் 1989ஆம் ஆண்டு முதல் சகோதர நகரங்கள். 1982இல் தொடங்கிய கிழக்கு நோக்கும் கொள்கையின் வழி ஆயிரக்கணக்கான மலேசியர்கள் ஜப்பானில் படித்தும் பயிற்சி பெற்றும் திரும்பினர். 2013 ஜூலை முதல் 90 நாள் வரை விசா இல்லாமலேயே போய்வரலாம்.

சுற்றுலா போய்வந்தவர், தவறவிட்ட பணப்பை அப்படியே திரும்பி வந்த கதையைச் சொல்வார். அங்கேயே தங்கிப் படித்தவரோ வேலை செய்தவரோ சற்று யோசித்துத்தான் பேசுவார். இரண்டும் உண்மைதான். ஜப்பானில் விருந்தாளிக்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு, பக்கத்து வீட்டுக்குக் குடிவருபவருக்குக் கிடைக்கும் வரவேற்பு வேறு. பிள்ளையை அனுப்பத் திட்டமிடும் குடும்பம் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

வீட்டில்தான் முதல் சிக்கல். ஜப்பானிய நீதி அமைச்சு 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்தாண்டுகளுக்குள் வாடகை வீடு தேடிய வெளிநாட்டவரில் 100க்கு 39 பேர், வெளிநாட்டவர் என்பதற்காகவே மறுக்கப்பட்டதாகக் கூறினர். ஜப்பானியப் பிணையாளர் இல்லாததால் வீடு கிடைக்கவில்லை என்றவர்கள் 41 பேர். வாடகை கட்டத் தவறினால் பொறுப்பேற்க உள்ளூர்க்காரர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்பது அங்குள்ள பழைய வழக்கம். புதிதாக வந்தவர் அப்படி ஒருவரை எங்கே தேடுவார்? இப்போது கட்டணம் வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் நிறுவனங்கள் உண்டு. அதற்கு மேல் முன்பணம், பல இடங்களில் ‘ரெய்கின்’ என்று வீட்டுக்காரருக்கு நன்றிப்பணம். இந்த நன்றிப்பணம் திரும்பி வராது. ஆகவே முதல் மாதச் செலவு வெறும் வாடகையாக இருக்காது.

வீட்டுக்காரர்கள் சொல்லும் காரணங்கள் நமக்குப் புதியவை அல்ல. குப்பையைக் கிழமை பார்த்து, வகை பிரித்துப் போடமாட்டார்கள், சத்தம் போடுவார்கள், மொழி புரியாது, சொல்லாமல் ஊருக்குப் போய்விடுவார்கள் என்பார்கள். யாரோ ஒருவர் செய்ததற்கு அடுத்து வருபவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

இதன் எல்லை எதுவரை போகும் என்பதற்கு ஒத்தாரு வழக்கே சாட்சி. வட ஜப்பானின் இந்தத் துறைமுக நகரில் ரஷ்ய மாலுமிகள் சிலரின் நடத்தை பிடிக்காமல், ஒரு பொதுக் குளியலகம் வெளிநாட்டவர் அனைவருக்கும் கதவை அடைத்தது. அமெரிக்காவில் பிறந்து ஜப்பானியக் குடியுரிமை பெற்ற ஒருவர் அதற்கான சான்றோடு 2000இல் அங்கே போனார். அவர் ஜப்பானியர்தான் என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனாலும் உள்ளே விடவில்லை. முகத்தைப் பார்த்தால் மற்ற வாடிக்கையாளருக்குத் தெரியாதாம்! 2002 நவம்பரில் சப்போரோ நீதிமன்றம், வழக்குத் தொடுத்த மூவருக்கும் தலா 10 லட்சம் யென் இழப்பீடு தரக் குளியலகத்துக்கு உத்தரவிட்டது. இதைத் தடுக்கத் தவறியதாகச் சொல்லப்பட்ட நகராட்சிமீது பொறுப்புச் சுமத்தவில்லை.

இனப் பாகுபாட்டுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் ஜப்பான் 1995இல் சேர்ந்தது. ஆனால் தனியார் காட்டும் பாகுபாட்டைப் பொதுவாகத் தண்டிக்கும் சட்டம் அங்கே இல்லை. 2016இல் வந்த வெறுப்புப் பேச்சுச் சட்டத்திலும் தண்டனை கிடையாது. சிரிப்பதற்கு முன் நம் பக்கத்தையும் பார்க்க வேண்டும். மலேசியா 2018 நவம்பரில் அதே உடன்படிக்கையில் சேரப்போவதில்லை என்று பின்வாங்கியது. ‘இந்தியர் வேண்டாம்’ என்ற வாடகை விளம்பரத்தைப் பார்த்து மனம் நொந்த தமிழ்க் குடும்பங்கள் இங்கேயும் உண்டு. அதே நேரத்தில் வங்காளதேச, நேப்பாளத் தொழிலாளர்கள் வீடு கேட்டு வரும்போது நம்மவர் சிலர் சொல்லும் பதிலும் ஒத்தாரு பதில்தான்.

ஆனால் சுற்றுலாத் தலங்களில் உள்ளூர்க்காரருக்கு ஒரு கட்டணம், வெளியூர்க்காரருக்கு வேறு கட்டணம் என்று ஜப்பானில் எழும் பேச்சைப் பாகுபாடு என்று சொல்வது மிகை. மைகாட் காட்டிக் குறைந்த கட்டணம் கட்டும் பழக்கம் நமக்கு உண்டு. தமிழ்நாடு போனால் மாமல்லபுரத்தில் இந்தியருக்கு 40 ரூபாய், நமக்கு 600 ரூபாய்.

அந்த நாட்டிலேயே பிறந்து, வேறு மொழி தெரியாமல் வளர்ந்தும் வெளிநாட்டவராகவே இருப்பவர்களின் நிலைதான் கனமானது. ஜப்பானின் காலனி ஆட்சியில் கொரியர்கள் பிழைப்புக்காகவும் கட்டாயமாகவும் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் வந்து சேர்ந்தனர். 1952இல் அவர்களின் ஜப்பானியக் குடியுரிமை ஒரேயடியாகப் போனது. அங்கே மண்ணில் பிறப்பது போதாது, பெற்றோரில் ஒருவர் ஜப்பானியராக இருக்க வேண்டும். அதனால் பேரப்பிள்ளைகளும் அந்நியர் பட்டியலில் நின்றனர். நிரந்தரவாசிகளான அவர்களிடம் கைரேகை எடுக்கும் முறை 1993இல்தான் நின்றது. சிவப்பு அடையாள அட்டையோடு காலம் தள்ளிய தோட்டத்துப் பாட்டிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1969க்குப் பின் வேலை பெர்மிட் இல்லாமல் ராஜுலா கப்பலேறிய குடும்பங்களின் உறவுகள் இன்னும் இங்கே இருக்கின்றன.

இப்போது அங்கே காற்று சற்று மாறி வீசுகிறது. 2024 முடிவில் ஜப்பானில் வசித்த வெளிநாட்டவர் 37 லட்சத்து 68 ஆயிரம் பேர், 100க்கு 3 பேர்தான். மலேசியாவில் குடிமக்கள் அல்லாதவர் 100க்கு 10 பேர். அந்த மூன்றுக்கே, ‘ஜப்பானியரே முதலில்’ என்று முழங்கிய சன்சேய்த்தோ கட்சி 2025 ஜூலை மேலவைத் தேர்தலில் 14 இடங்களை வென்றது. மறுபுறம், முதியோர் பெருகி உழைக்கும் கைகள் குறைந்ததால், 2019 முதல் புதிய வேலை விசாவைத் திறந்து வெளிநாட்டவரை அழைப்பதும் அதே ஜப்பான்தான்.

போகிறவர்கள் வேலை ஒப்பந்தத்தில் தங்குமிடம் யார் பொறுப்பு, பிணைக் கட்டணம் யார் கட்டுவது என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கல்லூரியோ நிறுவனமோ பிணை நின்றால் பாதித் தொல்லை தீரும். குப்பை நாள் அட்டவணையை முதல் நாளே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பாகுபாட்டுக்கு ஆளானால், நீதி அமைச்சின் வெளிநாட்டு மொழி மனித உரிமைத் தொலைபேசிச் சேவையில் புகார் சொல்லலாம். தமிழ் அதில் இல்லை, ஆங்கிலமும் இந்தோனேசிய மொழியும் உண்டு. நம் பிள்ளைகளுக்கு அது போதும்.