மந்திரிசபையில்லாத தீவுகளில் கட்சிகள்

லிட்டில் அந்தமானின் ஹட்பேயில் குடியிருக்கும் ஒருவர், தலைநகருக்குப் போகும் கப்பல் போதவில்லையென்று முறையிட விரும்பினால், முதலில் தம் கிராமப் பிரதானிடம் போவார்; கப்பலைப் பற்றி முடிவு செய்யப் பிரதானுக்கு அதிகாரமில்லை; பஞ்சாயத்து சமிதியின் பிரமுக்கும், ஜில்லா பரிஷத்தின் அத்யக்ஷும் அவ்வாறே கையை விரிக்க, மனு பாராளுமன்ற உறுப்பினரிடம் போய்ச் சேரும்; அவர் அதைத் துணைநிலை ஆளுநருக்கு அனுப்பிவைப்பார். ஆளுநரோ ஜனாதிபதியால் நியமிக்கப்பட்டு டில்லிக்குப் பதில் சொல்பவர். இந்த நெடிய வழியில் கட்சிக்காரர்கள் பலர் எதிர்ப்படுவார்கள். தீர்மானிக்கும் ஆசனத்தில் மட்டும், தீவு மக்கள் வாக்களித்து அமர்த்திய எவரும் இல்லை.

கட்சி வாழ்க்கை இங்கே இல்லையென்று இதற்குப் பொருளன்று. 1956-இல் யூனியன் பிரதேசமான அந்தமான் நிகோபார் தீவுகளுக்கு மக்களவையில் உள்ள ஒரே இடம் 1967 வரை நியமனத்தால் நிரப்பப்பட்டு வந்தது. அவ்வாண்டு முதன்முதலாக மக்கள் வாக்களித்துக் காங்கிரஸின் கே. ஆர். கணேஷைத் தேர்ந்தெடுத்தார்கள். நெருக்கடி நிலைக்குப் பின் வட இந்தியாவில் காங்கிரஸ் வேரோடு சாய்ந்த 1977-இல் அதே கட்சியின் மனோரஞ்சன் பக்தா இங்கே வென்று, தொடர்ந்து ஏழு தேர்தல்களில் அவ்விடத்தைக் காத்தார். 1999-இல் பா.ஜ.க.வின் விஷ்ணுபத ராய் அதைக் கைப்பற்றியது முதல் தொகுதி இவ்விரு கட்சிகளிடையே மாறிமாறிச் செல்கிறது. 2019-இல் தேசமெங்கும் பா.ஜ.க. அலை வீசியபோது, காங்கிரஸின் குல்தீப் ராய் சர்மா 1,407 வாக்குகளில் ஜெயித்தார். பதவியிலிருப்பவரை மாற்றத் தயங்காத வாக்காளரும், தோற்றபின் மீண்டெழும் கட்சிகளும் அமைவதே ஜனநாயகத்தின் ஆரோக்கியமென்றால், இத்தீவுகளுக்கு அது வாய்த்திருக்கிறது.

ஆயினும் போட்டியின் வலிமை, எதற்காகப் போட்டியோ அதன் வலிமையை மிஞ்சாது. 1963-ஆம் ஆண்டுச் சட்டத்தால் சட்டசபை பெற்ற புதுச்சேரியை எண்ணிப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் உறுப்பினர்கள் ராஜினாமா செய்து நாராயணசாமி மந்திரிசபை கவிழ்ந்தது வருந்தத்தக்க காட்சியே. ஆனால் விழுந்தது யார், விழச்செய்தது யார் என்பதை ஜனங்கள் கண்ணால் கண்டு, ஏப்ரலில் தீர்ப்பு வழங்கினார்கள். அந்தமானில் ஆளுங்கட்சியென்று ஒன்று இல்லாததால் எதிர்க்கட்சியும் மெய்யாக இல்லை. இரண்டுமே மனுச் சுமக்கும் ஸ்தாபனங்களாகிவிடுகின்றன. இக்குறையை நான் சிறிதென்று கருதவில்லை.

இக்குறை தீவுக் கட்சிகளுக்குத் திறமை இல்லாமலா? 24 வார்டுகள் கொண்ட போர்ட் பிளேர் நகராட்சியில் 2022-இல் எக்கட்சிக்கும் தனிப்பெரும்பான்மை கிட்டவில்லை, பா.ஜ.க., காங்கிரஸ் ஆகியவற்றுக்கு நடுவே தெலுங்கு தேசமும் தி.மு.க.வும் இடம்பெற்றன. மறு ஆண்டே தெலுங்கு தேசத்தின் எஸ். செல்வி, பா.ஜ.க. ஆதரவுடன் தலைவரானார். வங்காளியும் தமிழரும் தெலுங்கரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழும் ஊரில், கூட்டணி பேசும் பழக்கம் எப்போதோ படிந்துவிட்டது.

சட்டசபை வேண்டுமென்ற கோரிக்கை பழையது. நான்கு லட்சத்துக்கும் குறைந்த ஜனத்தொகை அதற்குத் தடையென்று சொல்வதை ஏற்க இயலவில்லை. ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் வாழும் சிக்கிம் 32 பேர் கொண்ட சபையை நடத்துகிறது. வேறொரு ஆட்சேபம்தான் என்னை நிறுத்தி யோசிக்க வைக்கிறது. ஜாரவா பழங்குடியினருக்கு 2025 வரை வாக்குப் பெட்டியில் குரலில்லை; சென்டினல் பழங்குடியினருக்கு இன்றும் இல்லை. நிகோபாரியரோ கட்சிச் சின்னமின்றிக் கேப்டன்களைத் தலைமையாகக் கொண்ட பழங்குடி மன்றங்களால் தம் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள். குடியேறியவர்களின் பெரும்பான்மையால் அமையும் ஒரு சபை, காட்டின்மீதும் கடற்கரையின்மீதும் கை வைக்காமலிருக்க எந்த ஏற்பாடு உறுதியளிக்குமோ, அந்த ஏற்பாட்டை மன்றத்துக் கேப்டன்களைக் கலந்தல்லாமல் வரையக்கூடாது.