புயலில் கரண்ட் போனால் உறைய வைத்த கருமுட்டை என்ன ஆகும்?

2022 டிசம்பர் 9 நள்ளிரவு மாமல்லபுரம் அருகே மாண்டஸ் புயல் கரையைக் கடந்தபோது, செங்கல்பட்டு மாவட்டக் கடலோரத்தில் பல ஊர்கள் இருட்டில் கிடந்தன. இப்படி கரண்ட் போனால் ஃபிரிட்ஜில் இருக்கும் மீனே தாங்காது. அப்படியிருக்க, லட்சத்துக்கு மேல் செலவழித்து உறைய வைத்த கருமுட்டையின் கதி? சிறுசேரி ஐடி நிறுவனங்களில் வேலை பார்த்துக்கொண்டு, கல்யாணத்தையோ குழந்தையையோ தள்ளிப்போடும் பெண்களுக்கு வரக்கூடிய நியாயமான சந்தேகம்தான் இது.

கரண்ட் போனால் ஒன்றும் ஆகாது. கருமுட்டை இருப்பது ஃப்ரீசரில் அல்ல, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜன் நிரம்பிய டேங்கில். பெரிய சைஸ் தெர்மாஸ் பிளாஸ்க் மாதிரி. அது குளிராக இருக்க மின்சாரம் வேண்டாம். ஆனால் நைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும், ஆள் வந்து நிரப்பியே ஆக வேண்டும். 2018 மார்ச் மாதம் அமெரிக்காவின் கிளீவ்லேண்ட், சான் பிரான்சிஸ்கோ நகரங்களில் ஒரே வார இறுதியில் டேங்க் பழுதாகி, ஆயிரக்கணக்கான கருமுட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. அதனால் புயல் நாளில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: நைட்ரஜன் ஸ்டாக் இருக்கா? அலாரம் அடித்தால் ராத்திரியில் யார் வருவாங்க?

எப்படி எடுக்கிறார்கள்?

சுமார் 10 முதல் 12 நாட்கள் தினமும் ஹார்மோன் ஊசி. இடையிடையே ஸ்கேன். நைட் ஷிஃப்ட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய சோதனை, ஊசி நேரம் தவறக்கூடாது. கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரத்தில், மயக்க மருந்து கொடுத்து ஊசி வழியாக முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்கு வயிறு உப்பி, மூச்சுத் திணறல் வரை போகலாம். அப்படி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

முட்டையில் தண்ணீர் அதிகம். மெதுவாகக் குளிர வைத்தால் உள்ளே ஐஸ் துகள் உருவாகி கிழித்துவிடும். இப்போது நொடிகளில் கண்ணாடி போல இறுகச் செய்கிறார்கள். இந்த முறை வந்த பிறகுதான், 2012-ல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் இதை 'பரிசோதனை' பட்டியலிலிருந்து எடுத்தது.

வயசு நிற்குமா?

முட்டையின் வயசு நிற்கும், உடம்பின் வயசு நிற்காது. முன்னாள் உலக அழகி டயானா ஹைடன் 2016-ல் 42 வயதில் குழந்தை பெற்றது, 8 ஆண்டுகளுக்கு முன் உறைய வைத்த முட்டையில். 35 வயதுக்குள் எடுத்தால் வாய்ப்பு கூடுதல். 40-ல் எடுத்து வைத்தால், 40 வயது முட்டைதான் கிடைக்கும். உருக்கும்போது சில முட்டைகள் தாங்காது. தாங்கியவை எல்லாம் கருவாகாது. கருவானது எல்லாம் குழந்தையாகாது. விளம்பரங்கள் இதை 'இன்ஷூரன்ஸ்' என்கின்றன. இன்ஷூரன்ஸில் க்ளெய்ம் வரும், இதில் அந்த உத்தரவாதம் கிடையாது.

கல்யாணம் ஆகாதவர்களும் உறைய வைக்கலாம், 2021 சட்டத்தில் தடை இல்லை. ஆனால் சிகிச்சைக்குப் பெண்ணின் வயது வரம்பு 50. சேமிப்புக்கு 10 ஆண்டு வரம்பையும் அந்தச் சட்டம் பேசுகிறது. 27 வயதில் வைப்பவர், 37-க்குப் பிறகு தன் முட்டை என்ன ஆகும், வருடக் கட்டணம் ஒரு தடவை தவறினால் என்ன செய்வார்கள் என்பதை கையெழுத்துக்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.