முயற்குட்டியைப் புது இடத்திற்குப் பழக்குதல்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர் மாவட்டங்களில் தோட்டத்துச் சாளைகளிலும் ஊர் வீடுகளிலும் குழந்தைகளின் பிரியத்தின் பொருட்டு முயற்குட்டிகளை வாங்கி வளர்க்கும் வழக்கம் இருந்து வருகிறது. ஆனால் வாங்கிய குட்டிகளில் பல, வீட்டிற்கு வந்த பத்துப் பதினைந்து தினங்களுக்குள் கழிச்சல் கண்டோ, காரணம் விளங்காமலோ மாண்டு போகின்றன. இந்த நஷ்டத்தை விதியென்று சொல்லிவிடுவதற்கில்லை. பெரும்பாலும் அது வயது, உஷ்ணம், தீவனம் ஆகிய மூன்றில் செய்யப்படும் அஜாக்கிரதையினால் விளைவதாகும்.

முதலில் எது வளர்ப்பு முயல் என்பதைத் தெளிந்துகொள்ள வேண்டும். நம் கொறங்காடுகளில் துள்ளியோடும் காட்டு முயல் வேறு இனம். அது வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி ரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கிறது. ஐரோப்பாவின் தென்மேற்குப் பகுதியைப் பூர்வீகமாகக் கொண்ட வளர்ப்பு முயலோ வளையில் வாழும் சுபாவமுடையது. அதன் குட்டிகள் ரோமமும் கண்பார்வையுமின்றிப் பிறக்கும். சோளம் அறுக்கும்போது புல் மறைவில் தனித்துக் கிடக்கும் காட்டு முயற்குட்டியைத் தாயற்றதென்று இரங்கி வீட்டிற்கு எடுத்து வருவது வீண் கருணையாகும். தாய் அதைப் பகலில் விட்டு விலகியிருந்து, இருட்டிய பின் வந்து பாலூட்டிச் செல்லும். அன்றியும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமென்பதைக் கிராம நிர்வாக அலுவலர்கள் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பது நலம்.

வளர்ப்பு முயல் நம் மாகாணத்தில் மலைப் பிரதேசங்களில்தான் நன்கு அபிவிருத்தி செய்யப்பட்டிருக்கிறது. நீலகிரியிலுள்ள சாண்டிநல்லா செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையத்திலும், கொடைக்கானல் மலைமேல் மன்னவனூரிலுள்ள மத்திய செம்மறியாடு மற்றும் கம்பள ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல நிலையத்திலும் சோவியத் சின்சில்லா முதலிய ஜாதிகள் வளர்க்கப்பட்டுள்ளன. இவ்விடங்கள் கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் உள்ளவை. அத்தகைய குளிர்ச்சியில் பிறந்த குட்டியைச் சித்திரை மாதத்தில் தாராபுரத்திற்கோ காங்கயத்திற்கோ கொண்டுவருவது அதைக் கொல்வதற்குச் சமானம். முயலுக்கு வியர்வை மூலம் உடலைக் குளிர்விக்கும் சக்தி இல்லை. பெரும்பாலும் காதுகளின் இரத்த நாளங்கள் வழியாகவே வெப்பம் வெளியேறுகிறது. 15 முதல் 25 டிகிரி செண்டிகிரேடு வரை அதற்குச் சௌகரியம். 30 டிகிரிக்குமேல் வருந்தும். 35 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே அபாயம். ஆகையால் தீபாவளி வெடிச் சத்தம் ஓய்ந்தபின், கார்த்திகை முதல் தை வரையிலுள்ள மாதங்களில் குட்டியைக் கொண்டுவருவதே உசிதம்.

சந்தைகளில் உள்ளங்கையில் அடங்கும் குட்டிகளைக் கூடையில் வைத்து விற்பதுண்டு. சிறியதாயிருக்கச் சிறியதாயிருக்க அழகு அதிகமாதலால் அவை விரைவில் விலை போகின்றன. தாய்ப்பால் மறக்காத குட்டியின் குடல் புல்லையும் தானியத்தையும் ஏற்கும் பக்குவம் அடைந்திராது. எட்டு வாரம் நிறைந்ததையே வாங்க வேண்டும். கண்ணும் மூக்கும் உலர்ந்தும், பின்புறம் சுத்தமாயும், சாணம் தனித்தனி உருண்டையாயும் இருத்தல் அவசியம். விற்பவரிடம் அது தின்று வந்த தீவனத்தில் ஒரு வாரத்திற்குப் போதுமானதைக் கேட்டு வாங்கி வருவது எல்லாவற்றிலும் முக்கியம். அதிகாலையில், காற்றோட்டமுள்ள மூங்கிற் கூடையில் வைக்கோல் பரப்பி எடுத்து வரலாம்.

கூண்டைக் குட்டி வருமுன்பே தயாராக்கி, வேப்பமரம் அல்லது புங்கமரத்தடியிலோ ஓட்டுத் தாழ்வாரத்திலோ, தரையினின்று இடுப்பளவு உயரத்தில் அமைக்க வேண்டும். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்று நேரே தாக்காதபடி மேற்குப் பக்கத்தை அடைப்பது நலம். பூனை, நாய், கீரி, பெருச்சாளி, சாரைப்பாம்பு எதுவும் நுழையாத நெருங்கிய கம்பிவலை வேண்டும். ஆயினும் தரை முழுதும் கம்பியாயிருந்தால் பாதம் புண்ணாகுமாதலால் ஒரு பாகத்தில் பலகை இடுக. வளையில் பதுங்கும் பிராணியாதலின், உள்ளே ஒரு மரப்பெட்டியைக் கவிழ்த்து வாயில் வைத்துக் கொடுத்தால் அதுவே அதற்குத் தைரியமளிக்கும்.

முதல் மூன்று தினங்கள் அதைத் தூக்கவோ ஊராருக்குக் காட்டவோ வேண்டாம். புல்லும் ஜலமும் வைத்துவிட்டு விலகியிருங்கள். பிறகு காலையிலும் மாலையிலும், முயல் இயல்பாக மேயும் வேளைகளில், கூண்டருகே சற்று அமர்ந்து கையால் புல் கொடுத்தால் சில நாட்களில் தானே நெருங்கி வரும். காதைப் பிடித்துத் தூக்குவது கொடிய வழக்கம். ஒரு கை மார்பின் கீழும் மறு கை பின்பாகத்தின் கீழும் தாங்க வேண்டும். பின்கால்கள் தொங்கினால் உதறிக்கொண்டு தன் முதுகெலும்பைத் தானே முறித்துக்கொள்ளும்.

தீவனத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முயலின் பற்கள் ஆயுள் முழுதும் வளர்வன. அவற்றைத் தேய்க்கவும், குடலை இயக்கத்தில் வைக்கவும் நார்மிகுந்த உலர்புல் ஓயாமல் வேண்டும். இதற்கு நம் கொறங்காட்டுக் கொழுக்கட்டைப் புல்லைவிட உகந்தது வேறில்லை. முட்கதிர் முற்றுமுன் அறுத்து நிழலில் உலர்த்துக. குதிரைமசால், வேலிமசால் தழைகளை முதலில் ஒரு சிறு பிடியளவே தொடங்கி, ஏழு முதல் பத்து நாட்களில் மெல்லக் கூட்டலாம். சவுண்டல் தழையிலுள்ள மிமோசின் என்னும் பொருளால் ரோமம் உதிரும். இளஞ்சோளப் பயிரில் விஷமுண்டென்பதைக் கால்நடை வைத்திருப்போர் யாவரும் அறிவர். பருத்திக்கோ காய்கறிக்கோ மருந்தடித்த வயலின் வரப்புப் புல்லும் ஆகாது. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கில் உண்டாகும் அஃப்ளடாக்ஸின் நஞ்சு முயலை வெகு சீக்கிரம் கொல்லும். மாட்டுக்கென்று மூலையில் கிடக்கும் பழைய புண்ணாக்கில் அள்ளிப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக. விடியற்காலையில் முயல் தன் பின்புறத்தினின்று மெல்லிய உருண்டைகளை எடுத்துத் தின்பதைக் கண்டு அருவருத்துத் தடுக்க வேண்டாம். அது வியாதியன்று, பாதி செரித்த உணவின் சத்தை மறுமுறை பெறும் இயற்கை ஏற்பாடு.

இளங்குட்டிகளை வாட்டும் வியாதி காக்ஸிடியா என்னும் நுண்ணுயிரால் வரும் கழிச்சல். சாணத்தில் வெளிப்படும் இதன் வித்துக்கள் ஓரிரு நாட்கள் ஈரமும் வெப்பமும் பெற்ற பின்னரே தொற்றும் தன்மை அடைகின்றன. ஆதலால் தினந்தோறும் சாணத்தை அகற்றித் தரையை உலர்வாக வைப்பவர் கூண்டில் அது வேரூன்றுவது கடினம். புல்லைத் தரையில் போடாமல் பக்கத்துக் கம்பியில் கட்டித் தொங்கவிடுவதும் இதன் பொருட்டேயாம்.

குட்டி பன்னிரண்டு மணி நேரம் ஒன்றும் தின்னாமலிருந்தாலும், சாணம் நின்று வயிறு உப்பினாலும் காத்திருக்கலாகாது. அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கோ, வசதியுள்ளோர் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கோ கொண்டு செல்ல வேண்டும். வீட்டில் மனிதருக்கென வாங்கி மீந்த பெனிசிலின் வகை மாத்திரைகளை ஒருபோதும் வாய்வழி புகட்டலாகாது. குடலிலுள்ள பயனுள்ள கிருமிகள் அழிந்து முயல் இறந்துபோகும். கோடையில் வாய் திறந்து இளைத்தால் நிழலுக்கு எடுத்துச் சென்று, காதுகளைச் சாதாரண ஜலத்தில் நனைத்த துணியால் துடைத்துக் காற்றுப் படச் செய்க. குளிர்ந்த ஜலத்தில் முக்குதல் கூடாது.

துணைக்கு இன்னொன்று வேண்டுமென்போர் இரண்டு பெட்டைகளாக வாங்குதல் நலம். ஆண்கள் இரண்டு ஒன்றையொன்று கடித்துக் காயப்படுத்தும். ஆணும் பெண்ணும் ஒரே கூண்டிலிருந்தால், சினைக்காலம் 30 தினங்களேயாதலால், வருஷம் முடிவதற்குள் கூண்டுகளுக்கு இடம் தேட நேரிடும்.