இணையக் கடைக்கும் அயலட்டை வேண்டும்

ரூஜ் நதியை அண்டிய எங்கள் பகுதியில் கடைகளைவிட வீடுகளே அதிகம். புதிதாகக் குடியேறிய எம்மவர் பலர் நிலக்கீழ் அறையில் ஒரு மேசை, ஒரு கொம்பியூற்றர், நாலு பெட்டிச் சாமானுடன் வியாபாரத்தைத் தொடங்குகிறார்கள். கடை வாடகை இல்லை. சேலை, நகை, தைத்த சட்டை, ஊறுகாய் என்று படம் எடுத்து இணையத்தில் போட்டதும் முதல் மாதம் ஓடர்கள் வருகின்றன. மூன்றாம் மாதம் ஓய்ந்துவிடுகின்றன. சீட்டு எடுத்துப் போட்ட முதல் பெட்டிக்குள் முடங்கிக் கிடக்கிறது.

காரணம் சாமானின் குறையாக இருக்க வேண்டியதில்லை. முதலில் வாங்கியவர்கள் மச்சாளும், ஒன்றுவிட்ட அண்ணரும், ஊர்ச்சங்கத்தாரும். அன்புக்காக அவர்கள் ஒருமுறை வாங்குவார்கள்; மாதாமாதம் வாங்கமாட்டார்கள். அதற்கு அப்பால் எம்மைத் தெரிந்தவர் யார் என்பதே கேள்வி.

தூரத்துப் பழக்கத்தின் பலன்

மார்க் கிரனோவெற்றர் என்ற அமெரிக்க சமூகவியலாளர் 1973ல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பொஸ்ரன் நகருக்கு அருகே, தெரிந்தவர் மூலம் புதிய வேலை பெற்றவர்களிடம் "அவரை எத்தனை தரம் சந்திப்பீர்கள்?" என்று விசாரித்தார். அடிக்கடி சந்திப்பவர் மூலம் வேலை பெற்றோர் 100க்கு 17 பேர் அளவே. 56 பேர் அளவினர் இடைக்கிடை காண்பவர் மூலமும், 28 பேர் அளவினர் வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ காண்பவர் மூலமும் பெற்றிருந்தனர். நெருங்கியவர்க்குத் தெரிந்தது பெரும்பாலும் எமக்கும் தெரிந்ததே. தூரத்தில் இருப்பவரே புதிய செய்தி கொண்டுவருவார். அது வேலை தேடுவோர் பற்றிய ஆய்வானாலும் வியாபாரிக்கும் பொருந்தும்.

யாருடன் பழகுவது?

முதலாவது, ஒரே வாடிக்கையாளருக்கு வேறு பொருள் விற்பவர். சட்டை தைப்பவருக்கு மணப்பெண் அலங்காரம் செய்பவர், படப்பிடிப்பாளர், மண்டபம் சோடிப்பவர் ஆகியோர் போட்டியாளர் அல்லர். ஒரு கலியாண வீட்டைப் பற்றி ஒருவர் அறிந்தால் நால்வருக்கும் வேலை கிடைக்கும்.

இரண்டாவது, மொத்த வியாபாரி. சிறு ஓடரானாலும் சொன்ன தேதியில் காசு கட்டுபவரை அவர் மறக்கமாட்டார். தீபாவளிக்கு முன் சரக்குத் தட்டுப்படும்போது அந்த ஞாபகம் உதவும்.

மூன்றாவது, பொதி அனுப்புமிடம். கனடா போஸ்ட், சிறுவணிகர் கட்டணமின்றிச் சேர்ந்து அனுப்புசெலவில் கழிவு பெறும் திட்டமொன்றை நடத்துகிறது. தபால் பகுதியில் இருப்பவரிடம் கேட்டறியலாம்.

நான்காவது, ஒரு கணக்காளர். சொந்தப் பெயரல்லாத வேறு பெயரில் வியாபாரம் செய்தால் ஒன்ராறியோவில் அதைப் பதிய வேண்டும். தனியாள் வணிகத்துக்கு இணையவழிக் கட்டணம் 60 டொலர். 5 வருடம் செல்லும். தொடர்ச்சியான நான்கு காலாண்டுகளில் விற்பனை 30,000 டொலரைத் தாண்டினால் எச்.எஸ்.ரி. வரிக்குப் பதிவது கட்டாயம். இதைப் பிந்தி அறிவதைவிட முந்தி அறிவது மலிவு.

உணவு விற்போருக்கு இன்னொருவர் உண்டு: பொதுச் சுகாதாரப் பரிசோதகர். பாண், பிஸ்கற், ஜாம், ஊறுகாய் போன்ற ஆபத்துக் குறைந்த உணவுகளை வீட்டில் செய்து விற்பதற்கான விதிகளை ஒன்ராறியோ 2020ல் தளர்த்தியது. ஆனாலும் ரொறொன்ரோ பொதுச் சுகாதாரப் பிரிவுக்கு அறிவித்தே தொடங்க வேண்டும். சீருடை அணிந்தவரைக் கண்டு அஞ்சிப் பழகியவர்கள் நாங்கள். இங்கே பரிசோதகரிடம் முன்கூட்டியே கேட்பது எமக்கே பாதுகாப்பு.

எங்கே சந்திப்பது?

எமக்கு முன் வந்தவர்கள் 1991லேயே கனடியத் தமிழர் வர்த்தக சம்மேளனத்தை அமைத்தனர். கடிதத்தாலும் ரெலிபோனாலும் வியாபாரம் செய்த அந்தக் காலத்திலும், ஒருவரை ஒருவர் அறிந்திருப்பது அவசியம் என்று அவர்கள் கண்டிருந்தார்கள். ரொறொன்ரோ நூலகங்களில் நகரவாசிகளுக்கு அங்கத்துவம் இலவசம். சிறுதொழில் பற்றிய இலவச வகுப்புகளும் நடக்கின்றன. அங்கே பக்கத்து நாற்காலியில் சீனரோ பிலிப்பினோக்காரரோ இருக்கலாம். அவரது ஆங்கிலமும் எங்களுடையதைப் போலத்தான் இருக்கும். கூச்சம் வேண்டாம்.

உறவு வேறு, தொழில் வேறு

எங்கள் பழக்கத்தில் தெரிந்தவர் என்றால் விலை குறைப்பதும், கடன் சொல்வதும், "பிறகு பார்ப்பம்" என்பதும் வழமை. தொழில் உறவு இதனால்தான் முறிகிறது. விலையையும் தேதியையும் எழுத்தில் வையுங்கள், மைத்துனரானாலும். பொதி பிந்தும் என்றால் வாங்கியவர் கேட்கும் முன் சொல்லுங்கள். உதவி கேட்குமுன் ஒரு உதவி செய்யுங்கள். உங்களிடம் இல்லாத பொருளைக் கேட்டு வருபவரை அது உள்ளவரிடம் அனுப்புங்கள். அவர் நாளை உங்களிடம் ஒருவரை அனுப்புவார். ஒருவரை அறிமுகம் செய்தவருக்கு இரண்டு வரி நன்றி எழுதுங்கள்.

ஊரில் சந்தியில் கடை வைத்தால் வருவோர் போவோர் தாமாகவே பழக்கமாவார்கள். இணையக் கடைக்குச் சந்தி இல்லை. அதை நாமே உண்டாக்க வேண்டும். கிழமைக்கு ஒரு புதியவருடன் பேசுங்கள். வருட முடிவில் 52 பேருக்கு உங்கள் பெயரும் உங்கள் வேலையும் தெரிந்திருக்கும்.