பழைய மோட்டார் காருக்கேற்ற எண்ணெயும் பெட்ரோல் செலவுக் கணக்கும்

பாலக்காட்டு மாவட்டத்தில் சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வாளையாறு முதலிய எல்லைப் பகுதிகளிலும், இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளம், உடும்பன்சோலை, பீர்மேடு வட்டங்களிலும் பணி புரிவோரில் சிலர் இன்றும் பழைய மோட்டார் வண்டிகளைக் கையாண்டு வருகின்றனர். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுபோன அம்பாசடரும், அதற்கு முன்னரே நின்றுவிட்ட பிரீமியர் பத்மினியும், தோட்டப் பாதைகளில் உழைத்த பழைய ஜீப்புகளும் நன்கு பராமரிக்கப்பட்டால் இன்னும் பல்லாண்டு ஓடக் கூடியவையே.

இவ்வண்டிகளை உடையோர் அடிக்கடி எழுப்பும் வினாக்கள் இரண்டு. எஞ்சினுக்கு எந்த எண்ணெய் ஏற்றது? லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட வேண்டும்? இவ்விரண்டையும் ஒன்றாகப் பிணைத்து, பெட்ரோல் மிச்சமாகும் என்றெண்ணி மிக மெல்லிய எண்ணெயை ஊற்றுவோரும் உண்டு. இது தவறான சிக்கனம். எண்ணெயை எஞ்சினின் ஆயுளைக் கருதித் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்ரோல் செலவைத் தனியே முறைப்படி அளந்தறிய வேண்டும்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சினுள் சுழலும் கிராங்க்ஷாஃப்டும் அதனைத் தாங்கும் பேரிங்குகளும் நேராக ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே எண்ணெய்ப் படலம் ஒன்று நின்று இரண்டையும் பிரித்து வைக்கிறது. அப்படலம் அறுபடாதவரை தேய்மானம் மிகக் குறைவு. உராய்வைக் குறைப்பதன்றி, பிஸ்டனின் வெப்பத்தை வாங்கிச் செல்வதும், கரியையும் அழுக்கையும் தன்னுள் ஏந்திக் கொள்வதும் எண்ணெயின் பணிகளேயாம்.

எண்ணெயின் முக்கியமான குணம் அதன் பாகுத்தன்மை. வெப்பம் ஏற ஏற இது விரைந்து குறைகிறது. பழைய கார்களில் வழங்கும் எண்ணெய் 40 டிகிரி சென்டிகிரேடிலிருந்து 100 டிகிரிக்குச் சூடேறும்போது அதன் பாகுத்தன்மை ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகிவிடுகிறது.

டின்னின் மேலுள்ள எண்கள்

டின்னின் மேல் ‘எஸ்.ஏ.இ. 20டபிள்யூ-40’ என்று அச்சிட்டிருப்பதைக் காணலாம். டபிள்யூ என்னும் எழுத்து குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னுள்ள எண் குளிரில் எஞ்சினைக் கிளப்பும்போதுள்ள தன்மையையும், பின்னுள்ள எண் 100 டிகிரியிலுள்ள பாகுத்தன்மையையும் காட்டுகின்றன. முதல் எண் சிறிதாயின் குளிரில் எளிதாக ஓடும். பின் எண் பெரிதாயின் சூட்டிலும் கெட்டியாக நிற்கும்.

20டபிள்யூ வகை எண்ணெய், நீர் உறையும் நிலைக்குப் பதினைந்து டிகிரி கீழுள்ள குளிரில் சோதிக்கப்படுகிறது. மூணாற்றில் சனவரி மாதத்தில் புல்வெளிகள் உறைபனியால் வெளுப்பதுண்டு எனினும், அக்குளிரும் இவ்வெண்ணெய்க்குப் பொருட்டன்று. மாறாக, பாலக்காட்டுக் கணவாயில் கோடையில் 40 டிகிரியை எட்டும் வெப்பமே எண்ணெயை உண்மையாகச் சோதிப்பது. எனவே எல்லையின் இருபுறத்துக்கும் இரு வேறு எண்ணெய் தேவையில்லை. வண்டியின் கைந்நூலில் வேறு கூறப்படாவிடின், பழைய பெட்ரோல் கார்களுக்கு 20டபிள்யூ-40 பொருத்தமானது. எஞ்சின் தேய்ந்து, சூடேறியபின் எண்ணெய் அழுத்தம் குறைவதாகக் காணப்பட்டால் 20டபிள்யூ-50 ஊற்றலாம்.

புதிய கார்களுக்கென வந்துள்ள 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற மெல்லிய எண்ணெய்கள் அவற்றின் நுண்ணிய இடைவெளிகளுக்காக ஆக்கப்பட்டவை. பழைய எஞ்சினில் இடைவெளிகள் அகன்றிருப்பதால் படலம் அறுபட ஏதுவாகிறது. மேலும், புகைக் குழாயிலுள்ள வினையூக்கிக் கருவியைக் காப்பதற்காக இம்மெல்லிய வகைகளில் பாஸ்பரஸின் அளவு குறைக்கப்பட்டுள்ளது. அம்பாசடர் போன்ற பழைய எஞ்சின்களில் கேம்ஷாஃப்டும் டேப்பெட்டும் உரசித் தேயாமல் காப்பது துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த அக்கூட்டுப் பொருளே. மெல்லிய எண்ணெயால் மிச்சமாகும் பெட்ரோல் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்கு. இழக்க நேர்வதோ ஓர் எஞ்சின்.

நிறத்தைக் கண்டு ஏமாற வேண்டாம்

எண்ணெய் கறுத்துவிட்டால் கெட்டுவிட்டது என்று கொள்வது சரியன்று. அழுக்கை ஏந்திக் கொள்ளும் எண்ணெய் கறுக்கத்தான் செய்யும். கவனிக்க வேண்டுவன வேறு. டிப்-ஸ்டிக்கில் அளவு தானாகவே உயர்ந்து பெட்ரோல் மணம் வீசினால், பெட்ரோல் பம்பின் டயஃப்ரம் கிழிந்து எண்ணெயில் பெட்ரோல் கலக்கிறது என்றறிக. மூடியின் உட்புறம் வெண்மையான களிம்பு படிந்தால் நீர் சேர்ந்துள்ளது. மலைக்குளிரில் சிறு தொலைவே ஓடி நிற்கும் வண்டிகளில் இது சாதாரணம். ரேடியேட்டரிலும் நீர் குறைந்துகொண்டே வந்தால் உடனே மெக்கானிக்கிடம் காட்டுதல் வேண்டும். அதிகம் ஓடாத வண்டியாயினும் ஆண்டுக்கொரு முறையேனும் எண்ணெயை மாற்றுவது நலம். அளவு பார்க்கையில் வண்டி சமதரையில் நிற்க வேண்டும். சரிவில் நிறுத்திப் பார்த்த அளவு பொய்யாகும்.

மலை ஏற்றத்தின் கணக்கு

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் வண்டி சற்றேறக்குறைய ஆயிரம் மீட்டர் உயர்கிறது. ஆட்களோடு 1,400 கிலோகிராம் எடையுள்ள காரை அவ்வுயரத்திற்குத் தூக்கத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம் ஜூல். ஒரு லிட்டர் பெட்ரோலில் சுமார் 3 கோடியே 20 லட்சம் ஜூல் அடங்கியுள்ளது. அதில் கால் பங்கே சக்கரத்திற்கு எட்டுவதாகக் கொண்டால் 80 லட்சம் ஜூல். ஆகவே வண்டியை உயர்த்துவதற்கு மட்டுமே ஒன்றேமுக்கால் லிட்டர் வேண்டும். சமவெளியில் ஓடுவதற்கான செலவு இதற்குப் புறம்பானது. உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்கள் இக்கணக்கை மாணாக்கர்க்கு இட்டுக் காட்டலாம்.

இதனின்றும் தெளிவாவது, ஏற்றத்தில் மட்டும் அளந்து ‘வண்டி பெட்ரோலைக் குடிக்கிறது’ என்பதும், இறக்கத்தில் மட்டும் அளந்து பெருமை கொள்வதும் இரண்டுமே பிழை என்பதாம்.

உயரத்தினால் மற்றொரு விளைவும் உண்டு. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியிலுள்ளதில் ஏறத்தாழ 86 விழுக்காடே. கார்ப்புரேட்டர் அளக்கும் கலவையில் பெட்ரோலின் பங்கு அங்கே சற்று மிகுகிறது; எஞ்சினின் வலிமையும் குறைகிறது. இதற்காக மூணாற்றிலேயே கார்ப்புரேட்டரைத் திருத்திவிட்டுக் கீழே இறங்கினால், பாலக்காட்டு வெயிலில் கலவையில் பெட்ரோல் போதாமல் எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறும். பெரும்பாலும் எங்கு ஓடுகிறதோ அங்குள்ள நிலைக்கே திருத்தி வைத்தல் வேண்டும்.

பெட்ரோலிலும் மாறுதல் உண்டு. இந்தியாவில் 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலுடன் எத்தனால் கலப்பு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனாலின் ஆற்றல், அளவுக்கு அளவு, பெட்ரோலினுடையதில் மூன்றில் இரு பங்கே. எனவே கலப்பற்ற பெட்ரோலுக்கென அமைந்த பழைய கார் நூற்றுக்கு ஆறேழு பங்கு குறைவாக ஓடினால், அது எஞ்சினின் குற்றமன்று. ஆனால் பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் டயஃப்ரத்தையும் எத்தனால் கெடுக்கக் கூடுமாதலால் அவற்றைச் சோதித்து மாற்றிவிடுவது அவசியம்.

அளக்கும் முறை

பழைய வண்டியின் பெட்ரோல் முள்ளை நம்புவதற்கில்லை. டாங்கியை நிரப்பி, ஓடிய கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, மீண்டும் அதே பங்க்கில் நிரப்பும்போது பிடித்த லிட்டரால் இடையில் ஓடிய தொலைவை வகுக்க வேண்டும். உதாரணமாக, 308 கிலோமீட்டருக்கு 28 லிட்டர் பிடித்தால் லிட்டருக்கு 11 கிலோமீட்டர். மலைக்குப் போய்த் திரும்பிய முழுப் பயணமாக இருத்தல் வேண்டும். மூன்று நான்கு முறை நிரப்பிச் சராசரி காண்பதே நம்பத் தக்கது. மீட்டர் சரியாகக் காட்டுகிறதா என்பதைச் சாலையோரக் கிலோமீட்டர்க் கற்களோடு ஒப்பிட்டறியலாம். கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் பெட்ரோல் விலை ஒன்றாயிருப்பதில்லை. ஆதலால் ரூபாய்க் கணக்கை விடுத்து லிட்டர்க் கணக்கையே எழுதுக. இடையில் சேர்த்த எஞ்சின் எண்ணெயின் அளவையும் உடன் குறித்தால் எஞ்சினின் தேய்மானமும் புலப்படும்.

சராசரி திடீரெனக் குறைந்தால், டயரின் காற்று, இறுகிப் பிடிக்கும் பிரேக், முழுதும் திறவாத சோக், தேய்ந்த பிளக் ஆகியவற்றை முதலில் நோக்குக. எண்ணெயை மாற்றுவது கடைசி வழி.

இறக்கத்தில் சிக்கனம் வேண்டாம்

போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி மலைப்பாதைகளில் தேனி மாவட்டத்துத் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிய ஜீப்புகள் நாள்தோறும் ஏறி இறங்குகின்றன. அத்தகைய பாதையில் கியரை நியூட்ரலில் தள்ளி இறங்குவது பெட்ரோலை மிச்சப்படுத்தும் என்பது பேராபத்தான நம்பிக்கை. அரை மணி நேர இறக்கத்தில் மிச்சமாவது அரை லிட்டருக்கும் குறைவு. ஆனால் எஞ்சினின் தடை நீங்கியதும் வண்டியின் வேகம் முழுவதையும் பிரேக்குகளே தாங்க நேர்ந்து, டிரம்கள் கொதித்துப் பிடிப்பிழக்கின்றன. ஏறிய கியரிலேயே இறங்குக என்னும் பழைய மலைப்பாதை விதியை ஒவ்வோர் ஓட்டுநரும் மறவாது கைக்கொள்ள வேண்டும்.

மாற்றிய பழைய எண்ணெயை ஏலத் தோட்டத்திலோ ஓடையிலோ கொட்டாது, மூடிய டின்னில் சேர்த்து, அங்கீகாரம் பெற்ற மறுசுத்திகரிப்பாளரிடம் சேரும்படி ஒர்க்ஷாப்பில் ஒப்படைப்பது நம் கடமை. ஏற்ற எண்ணெயும், ஒரு நோட்டுப் புத்தகமும், இறக்கத்தில் தக்க கியரும் இருப்பின், பழைய வண்டி இவ்வெல்லைப் பாதைகளில் இன்னும் நெடுங்காலம் உழைக்கும்.