ஒதுக்கு நிதி எங்கே இருக்கிறது?

"லாபம் வந்திருக்கிறதே, அதை முழுவதும் அங்கத்தினர்களுக்கே பங்கிட்டால் என்ன?" என்ற வினா மகாசபைக் கூட்டங்களில் ஆண்டுதோறும் எழுவதுண்டு. தறியில் அமர்ந்து உழைத்தவர் கேட்பது நியாயமே. ஆயினும், நிகர லாபத்தில் நாலில் ஒரு பங்கையேனும் ஒதுக்கு நிதியில் சேர்த்த பின்னரே லாப ஈவு வழங்கலாம் என்று 1912-ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சட்டமே விதித்துவிட்டது. பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்களுக்கான 2002-ஆம் ஆண்டுச் சட்டம் இவ்விதமே 25 சதவீதம் வைத்ததோடு, எதிர்பாராத நஷ்டங்களுக்கென மேலும் 10 சதவீதம் ஒதுக்கவும் செய்தது.

சட்டப்படி ஒதுக்குவதில் பெரும்பாலான சங்கங்கள் குறை வைப்பதில்லை. ஒதுக்கிய பணம் எந்த உருவில் இருக்கிறது என்பதைத்தான் அங்கத்தினர்கள் கேட்பதில்லை.

ஐந்தொகையில் ஒதுக்கு நிதி பொறுப்புகளின் பக்கத்தில் எழுதப்படுகிறது. அங்கே காண்பது வெறும் எண். பணம் இருக்குமிடத்தை எதிர்ப்பக்கத்தில்தான் தேட வேண்டும். ஒரு நெசவாளர் சங்கத்தில் 6 லட்சம் ரூபாய் ஒதுக்கு நிதி இருப்பதாகவும், வாரக் கூலி 50,000 ரூபாய் என்றும் கொள்வோம். அத்தொகை வங்கி வைப்பாக இருந்தால், துணி விலை போகாவிடினும் 12 வாரம் கூலி கொடுக்கலாம். அதில் 5 லட்சம், விற்காத சேலைகளிலும் வரவேண்டிய தள்ளுபடித் தொகையிலும் முடங்கியிருந்தால் இரண்டு வாரத்தில் தறி நின்றுவிடும். புத்தகத்தில் இரண்டுக்கும் ஒரே எண்தான்!

கையிருப்பு மதிப்பிலும் கவனம் தேவை. மடிப்பில் நிறம் மங்கிய சேலையை நெய்த அன்றைய அடக்க விலைக்கே எழுதினால், லாபமே மிகைப்பட்டுவிடும். இல்லாத அந்த லாபத்திலிருந்து ஈவும் போய்விடும். இதனைக் கணக்குத் தந்திரம் என்று நான் சொல்லேன். பெரும்பாலும் சோம்பலே காரணம். விவசாயிகளின் சங்கங்களில் விற்காத உரமும், தவணை கடந்த பயிர்க்கடனும் இதே வேலையைச் செய்கின்றன.

நடைமுறை மூலதனம் போதாத சங்கம் ஒதுக்கு நிதியைத் தொழிலிலேயே இட்டு நடத்துவது எனக்குப் புரியாததன்று. வெளிக்கடனுக்கு வட்டி கொடுப்பதினும் அது மேலாகத் தோன்றும். ஆனால் நூல் விலை ஏறித் துணி விற்பனை படுத்த மாதத்தில், அந்தச் சங்கத்துக்குக் கடன் கொடுப்பவர் அரிது.

ஆகவே, அடுத்த மகாசபையில் ஐந்தொகையின் இரு பக்கங்களையும் உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். ஒதுக்கு நிதிக்கு ஈடான வைப்பு ரசீதுகள் எவை, எந்தத் தேதியில் முதிர்கின்றன, அவற்றின்மேல் கடன் பெறப்பட்டுள்ளதா என்று கேளுங்கள். ரசீதுகளை மேஜைமேல் எடுத்து வைக்கக் காரியதரிசிக்கு ஐந்து நிமிஷம் போதும்.