எழுதி வைத்தால் இணைய விற்பனை நிலைக்கும்

மணிலாவைச் செக்கில் ஆட்டி, கைப்பேசியில் ஆர்டர் பெற்று, எண்ணெயைக் கூரியரில் அனுப்பும் சிறு விவசாயிகள் இன்று பல ஊர்களிலும் உள்ளனர். இடைத்தரகர் இல்லாததால் கூடுதல் விலை கிடைக்கிறது. ஆனால் ஒரு சங்கடமும் உண்டு. சந்தையில் வாங்குபவர் எண்ணெயை முகர்ந்து பார்த்து வாங்குகிறார். இணையத்தில் வாங்குபவரோ முதல் பாட்டிலை நம்பி இரண்டாவதைக் கேட்கிறார். இரண்டும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் மூன்றாவது ஆர்டர் வராது.

பிள்ளைச்சாவடியில் ஒரு குடும்பம் இவ்வாறு எண்ணெய் விற்பதாகக் கொள்வோம். வேலை விவரம் முழுவதும் குடும்பத் தலைவருக்கே தெரியும். அவர் காய்ச்சலில் படுத்த வாரத்தில் மனைவியும் மகனும் ஆர்டர்களை அனுப்புகின்றனர். ஒரு பாட்டிலின் மூடி தளர்ந்து எண்ணெய் ஒழுகுகிறது. இன்னொரு பார்சல் முகவரி மாறிப் போகிறது. பத்தில் மூன்று திரும்பினால் மற்ற ஏழின் லாபமும் கரைந்துவிடும். இதைத் தவிர்க்க ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஒவ்வொரு வேலையையும் செய்யும் முறையை வரிசையாக அதில் எழுதி வைக்க வேண்டும்.

லிஜ்ஜத் காட்டிய வழி

மும்பையில் 1959ஆம் ஆண்டு ஏழு பெண்கள் 80 ரூபாய் கடனில் தொடங்கியது லிஜ்ஜத் அப்பளம். இன்று சுமார் 45,000 பெண்கள் அதில் உள்ளனர். மாவைக் கிளையில் பிசைந்து கொடுக்கின்றனர். உறுப்பினர்கள் வீட்டில் தேய்த்து, காய வைத்துத் திருப்பித் தருகின்றனர். தரம் பார்த்த பின்னரே அப்பளம் ஏற்கப்படுகிறது. யார் தேய்த்தாலும் அப்பளம் ஒன்றுபோல் இருக்க இந்த ஒழுங்கான முறையே காரணம்.

நோட்டில் எழுத வேண்டியவை

1. காய வைத்தல்: காயில் ஈரம் 8 சதவிகிதத்திற்கு மேல் இருக்கக் கூடாது. ஈரம் மிகுந்தால் பூசணம் பிடித்து, கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சு உண்டாகும். காயை ஆட்டினால் பருப்பு கலகலவென்று ஒலிக்க வேண்டும். பூசணம் பிடித்த, சுருங்கிய, உடைந்த பருப்புகளைப் பொறுக்கி நீக்க வேண்டும்.

2. நிரப்புதல்: ஒரு லிட்டர் மணிலா எண்ணெய் ஏறக்குறைய 910 கிராம் எடை இருக்கும். வெறும் பாட்டிலை முதலில் நிறுத்துக்கொண்டு, பிறகு நிரப்பி எடை பார்க்கலாம்.

3. லேபிள்: பொருளின் பெயர், நிகர அளவு, பேட்ச் எண், தயாரித்த தேதி, பயன்படுத்த உகந்த காலம், விலை, முகவரி, புகாருக்கான தொலைபேசி எண், உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் ஆகியவை இருக்க வேண்டும்.

4. கட்டுதல்: மூடியை இறுக்கி, பாட்டிலை அரை மணி நேரம் தலைகீழாக வைத்துப் பார்க்க வேண்டும். ஒருவர் முகவரி ஒட்டினால், மற்றொருவர் அதைப் படித்துச் சரிபார்க்க வேண்டும்.

5. புகார்: தேதி, பேட்ச் எண், குறை, செய்த பரிகாரம் ஆகிய நான்கையும் எழுத வேண்டும்.

பேட்ச் எண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது. ஒரு பாட்டில் காறல் அடித்ததாகப் புகார் வந்தால், அன்று ஆட்டிய எண்ணெய் யார் யாருக்குப் போனது என்று நோட்டைப் பார்த்து உடனே சொல்லிவிடலாம். அதை மட்டும் திரும்பப் பெற்றால் போதும். எண் இல்லையென்றால் இருப்பு முழுவதையும் சந்தேகிக்க நேரிடும்.

எல்லையைக் கவனிக்கவும்

பிள்ளைச்சாவடி புதுச்சேரியைச் சேர்ந்தது. அடுத்துள்ள பொம்மையார்பாளையம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது. நடந்து போகும் தூரமே ஆனாலும், அங்கு எண்ணெய் விற்பது வெளிமாநில விற்பனையாகும். அதற்கு ஜி.எஸ்.டி. பதிவு தேவை. சொந்த நிலத்தில் விளைந்ததை அப்படியே விற்கும் விவசாயிக்கு இப்பதிவு தேவையில்லை. எனவே, ஆர்டர் எழுதும்போதே மாநிலத்தையும் குறித்துக்கொள்வது நல்லது.

நோட்டை எழுதியவர் வீட்டில் இல்லாத ஒரு நாளில், மற்றவர்கள் அதைப் பார்த்தே ஒரு பார்சலை அனுப்பிப் பார்க்க வேண்டும். அவர்கள் தடுமாறும் இடத்தில் இன்னும் ஒரு வரி சேர்க்க வேண்டும். பதனிடுதல் பற்றிய ஆலோசனைகளுக்குக் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தை விவசாயிகள் அணுகலாம்.